ஆற்றுக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்
மித்தி நதியை முன்வைத்துச் சில விளக்கங்கள்

மும்பையில் குடியிருக்கும் தமிழர்களில் மித்தி நதியைக் கடக்காதவர் அநேகமாக இருக்க முடியாது. மாகிம், சயான், தாராவி, குர்லா, கலீனா, சாக்கிநாக்கா என்று நம்மவர்கள் மிகுதியாக வாழும் பகுதிகள் பலவும் இந்த ஆற்றின் கரையிலோ கரைக்குக் கூப்பிடு தூரத்திலோதான் இருக்கின்றன. ஆனால் இதை ஆறு என்று சொல்லுகிறவர் எத்தனை பேர்? ரயிலில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு "நாலா வந்துடுச்சு" என்போம். அவ்வளவுதான்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி அந்த நாலா தான் ஓர் ஆறு என்பதை நினைவூட்டியது. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அதே ஆண்டில் மித்தி நதிக்கென்று ஒரு வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அகலப்படுத்துதல், ஆழப்படுத்துதல், தடுப்புச் சுவர் எழுப்புதல் என்று ஆண்டுதோறும் வேலைகள் நடந்து வருகின்றன. ஆற்றைச் சீரமைக்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும், "ஆறு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்துவிட்டீர்களா?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்த அளவை என்றால் என்ன, அதில் என்னென்ன அடங்கும் என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சி முதலில், செயல் கடைசியில்

ஓடிக்கொண்டிருக்கும் கடை ஒன்றை வாங்கப் போகிற வியாபாரி முதலில் என்ன செய்வான்? சரக்கு இருப்பு எடுப்பான். பேரேட்டைப் புரட்டுவான். வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்கவேண்டிய பாக்கி எவ்வளவு என்று பார்ப்பான். தொடக்க இருப்பு எழுதாமல் ஆரம்பித்த கணக்கில், ஆண்டுக் கடைசியில் லாபமா நட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆற்றுக்கும் இதே கதைதான். வேலைக்கு முன்னால் எழுதிவைத்த எண் இல்லையென்றால், பல கோடி செலவழித்த பிறகு ஆறு தேறியதா என்பதற்கு அவரவர் அபிப்பிராயம்தான் மிஞ்சும்.

எங்கள் சமணத்தில் மும்மணிகள் என்று மூன்றைச் சொல்லுவோம்: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். இந்த வரிசையில் செயல் கடைசியில் வருவதைக் கவனிக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி காண்பதும் அறிவதும் அமைந்த பிறகே செய்கை நல்லதாகும் என்பது அதன் கருத்து. ஆன்மாவின் விடுதலைக்குச் சொன்னதை ஆற்றுக்குப் பொருத்துகிறேனே என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மித்தியின் நீளம் சுமார் 18 கிலோமீட்டர். விகார் ஏரியின் உபரி நீரும் பவாய் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து உருவாகும் ஆறு இது. மரோல், சாக்கிநாக்கா, குர்லா வழியாக வந்து, பாந்திரா-குர்லா வளாகத்தையும் தாராவியையும் ஒட்டிப் போய், மாகிம் கழிமுகத்தில் கடலில் சேருகிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 73 சதுர கிலோமீட்டர்.

இதிலே ஒரு முக்கியமான சங்கதி ஒளிந்திருக்கிறது. விகார் ஏரி 1860-இல் கட்டி முடிக்கப்பட்டது. மும்பைக்கு முதன்முதலாகக் குழாய் வழிக் குடிநீர் தந்தது அதுதான். இன்றும் குடிநீர் தருகிறது. ஆகவே ஏரி நிரம்பி வழியும் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மித்திக்கு மேலிருந்து வரும் சொந்தத் தண்ணீர் மிகச் சொற்பம். ஏப்ரல், மே மாதங்களில் நாம் பாலத்தின் மேலிருந்து பார்க்கிற நீர் பெரும்பாலும் சாக்கடையும் பட்டறைக் கழிவும்தான். கீழ்ப்பகுதியில் அத்தோடு கடல் நீரும் கலந்திருக்கும்.

அப்படியென்றால், கழிவு நீர் முழுவதையும் தடுத்துவிட்டால் கோடையில் ஆற்றின் மேற்பகுதியில் என்ன ஓடும்? பாபட் நாலா, சஃபேத் பூல் நாலா ஆகியவற்றின் கழிவு நீரை நிலத்தடிச் சுரங்கம் வழியாகத் தாராவி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவது மித்தித் திட்டத்தின் ஒரு பகுதி. நல்ல காரியந்தான், மறுப்பில்லை. ஆனால் அந்த நீரைச் சுத்திகரித்த பிறகு கடலில் விடுவதா, மேலே கொண்டுவந்து ஆற்றிலேயே விடுவதா? ஏரியிலிருந்து கோடையிலும் கொஞ்சம் நீர் திறந்துவிட முடியுமா? அல்லது இது மழைக்கால ஆறுதான், கோடையில் வறண்டு கிடப்பதே இயல்பு என்று ஏற்றுக்கொள்வதா? மாதவாரியாக நீர்வரத்தை அளந்து பார்த்தவருக்கே இந்தக் கேள்விகள் எழும். அளக்காதவர் படத்தில் நீலத் தண்ணீரும் படகும் வரைந்து காட்டுவார்.

நீர்வரத்தை அளப்பது பெரிய வித்தையல்ல. ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரோட்ட வேகத்தால் பெருக்கினால் நீரின் அளவு வந்துவிடும். கருவி இல்லாதபோது பொறியாளர்கள் மிதவை ஒன்றைப் போட்டு நேரம் பார்ப்பதுண்டு. ஓர் உதாரணம்: ஆற்றின் அகலம் 15 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர். பரப்பு 9 சதுர மீட்டர். மிதவை 20 மீட்டர் தூரத்தை 40 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். மேல்மட்டத்து நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85 என்ற எண்ணால் பெருக்கிக் குறைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 3,800 லிட்டர். ஒரே நாள் அளந்தால் போதாது. மழை, குளிர், கோடை மூன்று பருவத்திலும், ஆற்றின் பல இடங்களிலும் அளக்க வேண்டும்.

2. ஆற்றின் உடல்வாகு

அடுத்தது வடிவம். அகலம், ஆழம், தரைச் சரிவு, வளைவுகள், பாலங்கள், கரைகள் எல்லாவற்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் குறுக்கே அளந்து வரைபடமாக்க வேண்டும். பிறகு பழைய வரைபடங்களோடு ஒப்பிட வேண்டும். அப்போதுதான் ஆறு எங்கே நெரிக்கப்பட்டது என்பது தெரியும்.

மித்தியின் வரலாற்றில் நெரிசல்களுக்குப் பஞ்சமில்லை. 1845-இல் திறக்கப்பட்ட மாகிம் தரைப்பாதை கழிமுகத்தின் வாயைக் குறுக்கியது. விமான நிலையத்தின் ஓடுபாதைகளுக்காக ஆறு ஏறக்குறையச் செங்கோணத்தில் திருப்பப்பட்டது. 1970-களிலிருந்து சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுந்தது பாந்திரா-குர்லா வளாகம். முன்பு வெள்ளம் பரவி நிற்க இடம் கொடுத்த நிலம் அது. கரையோரக் குடிசைகளை மட்டும் ஆக்கிரமிப்பு என்று சுட்டிக்காட்டிப் பழகிவிட்டோம். வரைபடத்தை வைத்து அளந்தால் ஆற்றின் இடத்தைப் பிடித்தவர்களின் பட்டியல் இன்னும் நீளமானது.

இன்னொன்று. 2005 வெள்ளத்துக்குப் பிறகு, மேலே சுமார் 11.8 கிலோமீட்டர் வேலை மாநகராட்சிக்கும், குர்லாவுக்குக் கீழே சுமார் 6 கிலோமீட்டர் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வேலையைப் பிரிக்கலாம், ஆற்றைப் பிரிக்க முடியாது. மேலே அகலப்படுத்தி வெள்ளத்தை வேகமாக அனுப்பினால் அது கீழே இருப்பவன் வீட்டுக்குத்தான் போகும். எனவே அளவை மட்டுமாவது ஏரி முதல் கடல் வரை ஒரே கையால், ஒரே முறையில் நடக்க வேண்டும்.

3. மழையும் கடல் ஏற்றமும்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 944 மி.மீ. பெய்தபோது கொலாபாவில் பதிவானது சுமார் 73 மி.மீ.தான். இரண்டும் ஒரே நகரம். கொலாபாக் கணக்கை மட்டும் பார்த்தவர் மும்பையில் சுமாரான மழை என்றுதான் எழுதியிருப்பார். ஒரு மழைமானியை நம்பி ஓர் ஆற்றுக்குத் திட்டம் போடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த வெள்ளத்தை ஆராய நீரியல் அறிஞர் மாதவ் சிதளே தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் பல நிறுவப்பட்டதும் அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான்.

மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில், வெளியேற்றும் அளவுக்கே அமைக்கப்பட்டவை. 1993-இல் வந்த மழைநீர் வடிகால் திட்ட அறிக்கை இதை 50 மி.மீ. ஆக உயர்த்தச் சொன்னது. மித்தியின் 73 சதுர கிலோமீட்டர் பரப்பு முழுவதும் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்கிறது என்று வையுங்கள். மொத்த நீர் 36 லட்சத்து 50 ஆயிரம் கன மீட்டர். துளியும் மண்ணில் இறங்காமல் அத்தனையும் ஓடிவந்தால் நொடிக்குச் சுமார் 1,000 கன மீட்டர். மரமும் மண்ணும் இருந்தால் ஒரு பகுதி உள்ளே இறங்கும், மீதியும் மெதுவாக வரும். சிமெண்டுத் தரையானால் பெரும்பகுதி அப்படியே வந்து விழும். ஆகவே ஆற்றை அளப்பது என்றால் ஆற்றுக்கு வெளியே உள்ள நிலத்தையும் சேர்த்து அளப்பதுதான்.

இதோடு கடல். மும்பையில் பெரிய ஏற்ற நாட்களில் கடல்மட்டம் நாலரை மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் ஆற்று நீர் போக வழியில்லாமல் பின்வாங்கி நிற்கும். கடல்மட்டத்துக்குக் கீழே எவ்வளவுதான் ஆழமாகத் தோண்டினாலும் அந்தப் பள்ளத்தைக் கடல் வந்து நிரப்பிவிடும். அதனால் ஏற்றம், வற்றம் இரண்டு நேரத்திலும் கீழ்ப்பகுதியில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து குறித்துவர வேண்டும்.

4. தண்ணீரின் தரம்

மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை போல ஆற்றுக்கும் உண்டு. முக்கியமானவை இரண்டு. ஒன்று, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் கரைந்திருக்க முடியும். மீன் வாழ 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. மற்றொன்று, அழுக்கைச் செரிக்க நுண்ணுயிர்கள் கேட்கும் ஆக்சிஜனின் அளவு. இதை பி.ஓ.டி. என்பார்கள். நம் நாட்டில் நீரை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்து இதைக் கணக்கிடுகிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நீரை எப்போது, எங்கே எடுத்தார்கள் என்று கேட்காமல் இந்த எண்களை நம்பக் கூடாது. பாசி படர்ந்த நீரில் நடுப்பகலில் ஆக்சிஜன் கூடுதலாகக் காட்டும், விடியற்காலையில் குறைந்துவிடும். மாகிம் அருகில் கடல் ஏறியிருக்கும்போது ஒரு பாட்டில் எடுத்தால் அது பாதி கடல் நீர். அதை வைத்து "மித்தி தேறிவிட்டது" என்று அறிக்கை எழுதலாம்! உப்பின் அளவையும் கூடவே அளந்தால்தான் இந்த மயக்கம் தீரும்.

இன்னொரு கணக்கு எங்களைப் போன்ற வியாபாரிகளுக்குச் சட்டென்று புரியும். விலையை மட்டும் பார்த்து வியாபாரத்தின் அளவைச் சொல்ல முடியுமா? விலையை அளவோடு பெருக்க வேண்டும். ஒரு சின்னச் சாக்கடையில் பி.ஓ.டி. 200 மில்லிகிராம், ஆனால் ஓடுவது நொடிக்கு 50 லிட்டர்தான். ஒரு நாளில் அது ஆற்றில் சேர்க்கும் அழுக்கு 864 கிலோ. பெரிய நாலாவில் பி.ஓ.டி. 60 மில்லிகிராம்தான்; ஆனால் நொடிக்கு 1,000 லிட்டர் ஓடுகிறது. அது ஒரு நாளில் சேர்ப்பது 5 டன்னுக்கு மேல். நாற்றத்தை வைத்து முடிவெடுத்தால் சின்னதைத்தான் முதலில் அடைப்போம். ஆற்றில் விழும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இந்தப் பெருக்கல் கணக்கு எழுதிவிட்டால், பணத்தை எங்கே முதலில் போடுவது என்பது தானே தெரிந்துவிடும்.

கரையோரப் பட்டறைகள், ரசாயனப் பீப்பாய் கழுவும் இடங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் எண்ணெயும் உலோகமும் தனிக் கணக்கு. அவை பி.ஓ.டி.யில் தெரியாது. தனியே சோதிக்க வேண்டும்.

5. சேறு

தூர் வாருவதற்கு முன் மூன்று கேள்விகள். சேறு எவ்வளவு? எங்கிருந்து வந்தது? அதில் என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்கு விடை, நிலையான குறியிடங்களில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் குறுக்குவெட்டு அளவு. லாரி எத்தனை நடை போயிற்று என்று எண்ணுவது சரியான அளவாகாது. மித்தியில் தூர் வாரியதில் சுமார் 65 கோடி ரூபாய் முறைகேடு என்று 2025 மே மாதம் மும்பைப் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. குற்றம் உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு அதிலுள்ள பாடம் ஒன்றுதான்: ஆற்றின் அடித்தரை மட்டத்தை முன்னும் பின்னும் அளந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், இப்படிப்பட்ட தகராறுக்கே இடமிருக்காது.

இரண்டாவது கேள்வியைக் கேட்காவிட்டால் ஆண்டுதோறும் அதே சேற்றை அதே இடத்தில் வாரிக்கொண்டிருப்போம். மலைச்சரிவு மண்ணா, கட்டட இடிபாடா, கடல் கொண்டுவரும் வண்டலா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மூன்றாவதைக் கேட்காவிட்டால் நஞ்சு கலந்த சேற்றைக் கொண்டுபோய் இன்னோர் ஊரின் நிலத்தில் கொட்டிவிட்டு வருவோம்.

6. உயிர்கள்

எங்கள் வீடுகளில் பெரியவர்கள் தண்ணீரைத் துணியால் வடிகட்டிய பிறகுதான் பயன்படுத்துவார்கள். வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணிய உயிர்களை உதறித் தள்ள மாட்டார்கள். எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே விடவேண்டும் என்பது விதி. ஒரு நீரின் உயிர் இன்னொரு நீரில் பிழைக்காது என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. இன்றைய ஆற்று விஞ்ஞானமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுகிறது. ஆற்றின் அடியில், கல்லின் கீழே எந்தப் பூச்சிகள் வாழ்கின்றன என்று எண்ணினால் அந்த நீரின் பல மாதச் சரித்திரமே தெரிந்துவிடும். பாட்டிலில் பிடித்த நீர் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்லும். ஆக்சிஜன் நிறைந்த நீரில் மென்மையான இளம்பூச்சிகள் பல வகை இருக்கும். அழுக்கு ஏற ஏற அவை மறைந்து, கடைசியில் சாக்கடையிலும் பிழைக்கும் சிவப்புப் புழு மட்டும் மிஞ்சும்.

ஆரோக்கியமான ஆறு இந்த ஊரில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒப்பிடும் இடம் வேண்டுமே? அதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. துளசி ஏரியிலிருந்து வரும் தகிசர் ஆறு, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் ஓடும் வரை காட்டாறாகவே இருக்கிறது. அங்கே உள்ள கல்லும் மணலும் மரநிழலும் பூச்சியும் மீனும்தான் மித்தியின் மேற்பகுதிக்கு நாம் வைக்கக்கூடிய உரைகல். கீழ்ப்பகுதிக்கு அது பொருந்தாது. அங்கே அளக்க வேண்டியவை அலையாத்தி மரங்கள், நண்டு, மீன், கரைப் பறவைகள். ஒரு காலத்தில் குப்பை மேடாகக் கிடந்த இடம் தாராவியை ஒட்டி இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மரம் அடர்ந்து நிற்பதைப் பார்த்தவர்கள், கீழ்ப்பகுதியைக் கைவிடத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

7. மனிதர்கள்

கடைசியாக எழுதினாலும் கடைசியாக வைக்கத் தகாத விஷயம் இது. சீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் கரையில் இருப்பவனுக்கு வயிறு கலங்கும். வெள்ளக்கோடு எங்கே போடுகிறார்களோ அதன்படி ஒரு வீடு நிற்கும் அல்லது போகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பல தலைமுறையாகத் தாராவியில் வாழும் நம் மக்களும், அவர்களுக்கு முன்பே அங்கே மீன் பிடித்து வாழ்ந்த கோலி மக்களும் இந்தக் கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் தவறினால் ஒரு வரிசை வீடு போய்விடும். சரியாக அளப்பது ஆற்றுக்குச் செய்யும் நியாயம் மட்டுமல்ல, அந்த வீடுகளுக்குச் செய்யும் நியாயமும்தான்.

ஆகவே எந்த வீட்டுக்குச் சாக்கடை இணைப்பு உண்டு, எதற்கு இல்லை, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, குப்பை வண்டி வருகிறதா என்பவையும் ஆற்றின் அளவையில் சேர வேண்டும். குடிசைவாசியின் கழிவு கண்ணுக்குத் தெரிகிறது. அடுக்குமாடியின் கழிவு குழாய்க்குள் மறைந்து வந்து விழுகிறது. அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றே.

நாம் செய்யக்கூடியது

ஆற்றைச் சீரமைக்கும் திட்டம் எதைப் பற்றிச் செய்தி வந்தாலும், நம் பிள்ளைகள் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகட்டும்:

1. ஓராண்டு முழுவதும், மூன்று பருவத்திலும் அளந்தார்களா?
2. ஏரி முதல் கடல் வரை முழு நீளமும் அளந்தார்களா?
3. எந்த வாய்க்கால் எவ்வளவு அழுக்கைக் கொண்டுவருகிறது என்ற பட்டியல் உண்டா?
4. கோடையில் ஆற்றில் எந்தத் தண்ணீர் ஓடும் என்று சொல்லியிருக்கிறார்களா?
5. இந்த எண்கள் யாவும் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டனவா?

இன்னொரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. பெரிய வெள்ளம் வந்தபோது நீர் எந்த உயரம் வரை நின்றது என்ற சுவர்த் தடம், நீரியலாளர்களுக்குப் பொன் போன்ற சான்று. 2005-இல் உங்கள் வீட்டிலோ கடையிலோ தண்ணீர் எத்தனை அடி நின்றது, எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது? நேரில் பார்த்தவர்கள் நம் சங்கத்திலேயே நூறு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. சுவர்களோ வெள்ளையடிக்கப்பட்டு, இடிக்கப்பட்டு மறைந்து வருகின்றன. ஒவ்வொரு குடும்பமும் முகவரி, உயரம், நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த முறை வெள்ளக்கோடு போட வருகிறவர்கள் முன் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும். யார் வீடு நிற்கும், யார் வீடு போகும் என்று பேசுகிற இடத்திற்கு வெறுங்கையோடு போகக் கூடாது.